காற்றுக்குக் கணக்கெழுதும் உத்தியோகம்

நிலத்தை அளப்பதற்கு எமது நாட்டில் ஒரு திணைக்களம் உண்டு. குளத்து நீரைப் பங்கிடுவதற்கு ஒரு திணைக்களம் உண்டு. காட்டு மரத்துக்கு ஒரு கந்தோரும், கடல் மீனுக்கு ஒரு கந்தோரும், ஏன், கள்ளுக்கும் சாராயத்துக்குங்கூட ஒரு திணைக்களமும் உண்டு. ஆனால், மனிதன் நாளொன்றுக்குப் பல்லாயிரந் தடவை உள்ளே இழுத்து வெளியே விடுகின்ற காற்றுக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால், வன்னிக் கமக்காரரும் விடை சொல்லார். யாழ்ப்பாணத்து அப்புக்காத்தரும் விடை சொல்லார்.

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் நடந்ததை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாண்டஸ் என்று பெயரிடப்பட்ட சூறாவளி வங்காள விரிகுடாவில் சுழன்றுகொண்டிருந்தது. அது தன்பால் இழுத்த காற்று வட இந்தியப் பெருவெளியின் புகையையும் தூசியையும் சுமந்துகொண்டு எமது தீவின்மீது வந்து படிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரையில் வானம் மங்கிற்று. டிசெம்பர் 9ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, காற்றுக் கெட்டுவிட்டது என்ற காரணத்தால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. வெள்ளத்துக்கும் கலவரத்துக்கும் பாடசாலைகளை மூடிப் பழகிய நாடு, சுவாசிக்கும் காற்றுக்காக மூடியது அன்று. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் பட்டிபட்டியாகச் செத்து விழுந்தன. நஞ்சுக் காற்றே கொன்றது என்று ஊரெங்கும் பேச்சு எழுந்தது; கடுங்குளிரே காரணம் என்று மிருக வைத்தியர்கள் சொன்னார்கள். மாட்டை இழந்து நின்றவனுக்கு, அவனுடைய பிரதேசத்தில் அன்றிரவு காற்றில் இருந்தது என்ன, எவ்வளவு என்று கணக்குக் காட்டிப் பேசக்கூடிய ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் விஷயம்.

அத்தகைய ஒருவரை மேல்நாடுகளில் அரசாங்கம் சம்பளங் கொடுத்து வைத்திருக்கிறது. வளித் திட்ட உத்தியோகத்தர் என்று அவரை அழைக்கலாம். எமது பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வேண்டுகின்ற உத்தியோகங்களின் பட்டியலில் இது இல்லை. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்ற மூன்று வாசல்களுக்கு அப்பால் ஒரு வாசல் இருப்பதாக எமது சமூகம் இலகுவில் நம்புவதில்லை. ஆயினும் இவ்வுத்தியோகத்தர் செய்வது மேற்சொன்ன மூவரின் வேலையையும் சேர்த்துத்தான்.

அவர் செய்வது யாது? முதலிற் கணக்கு. தமது எல்லைக்குள் எந்தப் புகைபோக்கியிலிருந்து நாளொன்றுக்கு எத்தனை தொன் கந்தக வாயு வெளியேறுகிறது, எத்தனை வண்டிகள் எத்தனை மைல் ஓடுகின்றன, மைலுக்கு எவ்வளவு நைதரசன் ஒட்சைட்டைக் கக்குகின்றன, எத்தனை அடுப்புகள் எரிகின்றன, எத்தனை மாடுகளின் சாணத்திலிருந்து எவ்வளவு அமோனியா எழுகிறது, எத்தனை ஏக்கர் வயல் எந்த மாதத்திற் கொளுத்தப்படுகிறது என்று ஒன்றும் விடாமல் எழுதுகிறார். கடைக்காரன் பேரேடு எழுதுவது போன்ற வேலைதான். ஆனால் சரக்குக் கண்ணுக்குத் தெரியாது. அதன்பின் காற்று எத்திசையில் எப்போது வீசுகிறது, எந்த மாதத்தில் அசையாமல் நிற்கிறது, மேலே சூடான காற்று மூடிபோலக் கவிந்து கீழே உள்ள புகையை அடைத்துவைப்பது எந்நாட்களில் என்பவற்றை வானிலைப் பதிவுகளிலிருந்து எடுக்கிறார். இரண்டையும் கணிதத்தாற் சேர்த்து, இன்ன இடத்தில் இன்ன அளவு குறைத்தால் மக்கள் மூக்குக்கு வரும் காற்றில் இவ்வளவு குறையும் என்று கணிக்கிறார். பிறகு குறைப்பதற்கான விதிகளை எழுதி, அவற்றால் யாருக்கு எவ்வளவு செலவு என்று கணக்கிட்டு, பொதுமக்கள் முன் வைத்து ஏச்சுக் கேட்டு, திருத்தி, சபையின் வாக்குக்கு விடுகிறார். சில ஆண்டுகள் சென்றபின் அளவுகருவிகளைப் பார்த்துத் தாம் சொன்னது நடந்ததா என்று தாமே சொல்லவேண்டும். தம் கணிப்புப் பிழைத்ததா என்பதைத் தம் கையாலேயே எழுதிப் பகிரங்கமாக வெளியிடவேண்டிய அரசாங்க உத்தியோகங்கள் உலகில் அதிகமில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய வளிச் சட்டம் இவ்வுத்தியோகத்துக்கு வலிமை தந்தது. காற்றில் இன்ன பொருள் இவ்வளவுக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசாங்கம் வரையறுக்கும். அவ்வரையறையை எப்படி, எந்த ஆண்டுக்குள் எட்டுவது என்ற திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுக்கத் தவறினால் பெருந்தெருக்களுக்கான மத்திய பணம் நிறுத்தப்படலாம். மத்திய அரசாங்கமே திட்டம் எழுதித் தலையில் வைக்கலாம். தெருப்பணம் நின்றுவிடும் என்றால் எந்த அரசியல்வாதியும் காற்றைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவான் என்பதை அச்சட்டத்தை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்நாட்டிலும் அறிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1943ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் கவிந்தபோது, யுத்தகாலமாகையால் யப்பானியர் நச்சுப்புகை ஏவினர் என்றே சிலர் எண்ணினர். பின்னர் செயற்கை இறப்பர்த் தேவைக்கான ஒரு தொழிற்சாலையின்மீது பழி விழுந்தது. அதை அடக்கியும் மூட்டம் கலையவில்லை. அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-சிமிற் என்ற இரசாயன அறிஞரே, மோட்டார் வண்டிகளிலிருந்தும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வரும் ஆவிகள் வெயிலிற் பட்டு ஓசோனாக மாறுகின்றன என்று கண்டுபிடித்தார். எண்ணெய்க் கம்பனிகள் அவரை ஏளனஞ் செய்தன. 1967இல் மாநில வளி வளச் சபை அமைந்தபோது அவரே அதன் முதலாவது தலைவரானார்.

இனி, எமது கமக்கார வாசகர்கள் கவனிக்கவேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

கலிபோர்ணியாவின் நடுவே சான் வாக்கின் பள்ளத்தாக்கு என்றொரு பெருவெளி உண்டு. மூன்று பக்கமும் மலை. முந்திரிகைத் தோட்டங்களும் பாதாம் தோப்புகளும் பாற்பண்ணைகளும் நிறைந்த பூமி. அமெரிக்கருடைய உணவுத்தட்டின் பெரும் பகுதியை நிரப்புவது. மலைகள் சூழ்ந்தமையால் மாரிகாலத்திற் காற்று ஓடாமல் அடைந்துகிடக்கும். அந்நாட்டிலேயே மிக மோசமான காற்று உள்ள பிரதேசங்களுள் இன்றும் அது ஒன்று. வயலில் உழைக்கும் மெக்சிக்கோ நாட்டுக் கூலியாளின் குழந்தை இளைப்பு நோயால் வருந்துவதும் அங்கேதான். எட்டு மாவட்டங்களுக்கும் பொதுவான ஒரு வளிக் கட்டுப்பாட்டு மாவட்டம் 1991இல் அமைந்தது.

அங்கே கமக்காரன் வெட்டிய கொடியையும் பிடுங்கிய மரத்தையும் தோட்டத்திலேயே குவித்துக் கொளுத்துவது பரம்பரை வழக்கம். அதனை நிறுத்தவேண்டும் என்று 2003ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் ஒன்று வந்தது. 2010ஆம் ஆண்டோடு முற்றாக முடிந்திருக்கவேண்டிய காரியம் முடியவில்லை. ஏன்? கொளுத்தாவிட்டால் மரக்கட்டைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை, அவற்றை எரித்து மின்சாரஞ் செய்யும் ஆலைகளுக்கு அனுப்புவது என்பதாயிருந்தது. அவ்வாலைகள் மலிவான வேறு மின்சாரத்தோடு போட்டியிட முடியாமல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பற்றாக்குறைக்கு வரட்சியும் வந்து சேர்ந்தது. நீரில்லாத கமக்காரர் தோப்புத் தோப்பாக மரங்களைப் பிடுங்கினர். பிடுங்கிய மரம் மலைபோற் குவிந்துகிடக்க, சட்டம் மாத்திரம் புத்தகத்தில் இருந்தது. தவணைமேல் தவணை கொடுக்கப்பட்டது.

கடைசியில் வழி பிறந்தது எப்படி? மரத்தை இயந்திரத்திலிட்டுச் சிறு துண்டுகளாக அரைத்து, அந்தத் தோட்டத்து மண்ணிலேயே புதைத்துவிடும் முறையைப் பல்கலைக்கழகத்தார் பரீட்சித்தனர். மண்ணுக்குச் சத்தும் ஈரமும் கூடுவதைக் கண்டனர். ஆயின் அதற்குச் செலவு அதிகம். தீக்குச்சி ஒன்றின் விலையோடு அதை ஒப்பிட முடியுமா? ஆகையால் ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் உதவிப்பணம் கொடுக்கத் தொடங்கியது. சிறு கமக்காரனுக்குக் கூடிய விகிதம். பணமும் இயந்திரமும் கைக்கு வந்த பின்னரே, 2025ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியோடு கொளுத்துதல் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. சட்டம் எழுதி இருபத்திரண்டாம் ஆண்டில். இதனைத் தோல்வி என்பாரும் உளர். இடையில் எத்தனை குழந்தைகள் அப்புகையைச் சுவாசித்தன என்று அவர்கள் கேட்பது நியாயமே. நாம் சொல்லுவது, 2003இல் சட்டத்தோடு கூடவே அந்தப் பணமும் வந்திருந்தால் பத்தாண்டுகளேனும் மிஞ்சியிருக்கும் என்பதுதான்.

அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அங்கே மாரிகாலத்து மூட்டத்தின் பெரும்பகுதி நேரே எழும் புகை அன்று; வண்டிகளின் நைதரசன் ஒட்சைட்டும் பாற்பண்ணைகளின் அமோனியாவும் வானத்திற் சந்தித்து உண்டாக்கும் அமோனியம் நைத்திரேற்றுத் துகளே. கண்ணுக்குத் தெரிந்த மாட்டைப் பிடித்துக் குற்றஞ்சாட்டுவது இலகு. ஆனால் அமோனியா அங்கே தேவைக்கு மேல் மிதந்துகொண்டிருப்பதால், அதிற் சிறிது குறைத்தாலும் துகள் அவ்வளவாகக் குறையாது. நைதரசன் ஒட்சைட்டைக் குறைத்தாற்றான் குறையும் என்று கணக்குச் சொல்லிற்று. அதனால் டீசல் வண்டிகளும் தோட்டத்து இறைப்பு இயந்திரங்களும் மாற்றப்பட்டன. கணக்குத் தெரியாத உத்தியோகத்தர் ஊர்ப்பேச்சைக் கேட்டு மாட்டுப்பட்டிக்குப் பூட்டுப் போட்டிருப்பார். காற்றும் திருந்தியிராது, பாலும் கிடைத்திராது.

பஞ்சாபில் நடந்தது இதற்கு நேர்மாறானது. எமக்கும் அது நெருக்கமானது, ஏனெனில் வட இந்தியப் பெருவெளியின் புகை எம்மிடமும் வருவதுண்டு. பஞ்சாபின் நிலத்தடி நீர் வற்றிக்கொண்டு போவதைக் கண்டு, கோடை வெயிலில் நாற்று நடுவதைத் தடுக்க 2009இல் அம்மாநிலம் ஒரு சட்டம் செய்தது. யூன் 10ஆந் திகதிக்கு முன் நெல் நாற்று நடலாகாது என்றது. நல்ல நோக்கம், நீர்ப்பாசன உத்தியோகத்தர் தம் கணக்கைச் சரியாகவே போட்டார். ஆனால் நடுகை பிந்தியபோது அறுவடையும் பிந்திற்று. ஒக்டோபர் முடிவில் நெல்லை அறுத்து, நவம்பர் நடுவில் கோதுமை விதைத்தாகவேண்டும். இடையிற் கிடைப்பது இரண்டு மூன்று கிழமைகள். இயந்திரம் அறுத்துப்போட்ட தாளை அந்நாட்களுக்குள் அகற்றக் கமக்காரனுக்கு இருந்த ஒரே மலிவான வழி நெருப்பு. அதுவோ காற்று அடங்கி, குளிர் மூடி, புகை மேலெழ முடியாத பருவம். முன்னர் பரந்த காலத்தில், காற்றோட்டமுள்ள நாட்களில் எரிந்தது, இப்போது மூச்சடைக்கும் சில கிழமைகளுக்குள் நெருங்கி எரிந்தது. டில்லி நகரம் திணறிற்று. நீருக்குத் திட்டமிட்டவரின் மேசைக்கும் காற்றுக்குத் திட்டமிட்டவரின் மேசைக்கும் இடையில் ஒரு கதவு இருந்திருக்குமானால் இதில் ஒரு பகுதியையேனும் முன்கூட்டிக் கண்டிருக்கலாம்.

அதன்பின் நடந்தது யாவருக்குந் தெரிந்த கதை. வழக்கு, அபராதம், பொலிஸ். 2020இலும் 2021இலும் டில்லி எல்லையிற் குந்தியிருந்த கமக்காரர் கேட்டவற்றுள், தாளெரிப்புக்காகத் தம்மைக் குற்றவாளிகளாக்கலாகாது என்பதும் ஒன்று. 2021ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் தலைநகரப் பிரதேசத்துக்கு வளித் தர முகாமை ஆணைக்குழுவொன்றைச் சட்டத்தால் நிறுவியபோது கமக்காரருக்குச் சிறைத் தண்டனையிலிருந்து விலக்களித்தது; ஆனால் சுற்றாடல் இழப்பீடு என்ற பெயரிற் பணம் அறவிடும் அதிகாரத்தை வைத்துக்கொண்டது. 2024 நவம்பரில் அத்தொகை இரட்டிக்கப்பட்டது: இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவனுக்கு 5,000 ரூபா, ஐந்து ஏக்கருக்கு மேற்பட்டவனுக்கு 30,000 ரூபா. தாளைக் கிளறாமலே கோதுமை விதைக்கும் இயந்திரங்களும் மானியத்தில் வழங்கப்பட்டன என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவை ஆண்டில் இரண்டு மூன்று கிழமைகளே ஓடுபவை. எல்லாருக்கும் ஒரே நாட்களில் தேவைப்படுபவை. ஒரு கிராமத்துக்கு இத்தனை இயந்திரம், இத்தனை நாள், இத்தனை ஏக்கர் என்று பெருக்கிப் பார்க்கும் சிறு கணக்கே திட்ட உத்தியோகத்தரின் முழு வித்தையுமாகும்.

எமது நெல் வயல்களிலும் இதே கதை வேறு அளவில் தொடங்கிவிட்டது. சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் போராக உயர்ந்து மாட்டுக்கு ஆண்டு முழுவதும் தீனியாயிற்று. இன்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் அறுவடை இயந்திரம் வயலெங்கும் வைக்கோலைச் சிதறிவிட்டுப் போகிறது. கூட்டி அள்ளக் கூலி கட்டுவதில்லை. மாடும் குறைந்துவிட்டது. ஒரு தீக்குச்சியோடு அலுவல் முடிகிறது. நாளைக்கு எவரோ ஒருவர் கொழும்பிலிருந்து ஒரு வர்த்தமானி அறிவித்தல் விடுத்து, வைக்கோல் எரிப்பவனுக்கு இவ்வளவு தண்டம் என்று அறிவித்தால் எமது கமக்காரன் என்ன சொல்லப்போகிறான்? அவ்வறிவித்தல் வருமுன்னரே அதை எழுதுபவரின் மேசைக்கு எதிரே எமது கமக்காரர் சங்கத்தார் அமர்ந்திருக்கவேண்டும் என்கிறோம்.

சட்டம் எம்மிடம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. காற்றின் தரத்துக்கான வரையறைகள் 1994இல் வகுக்கப்பட்டு 2008இல் திருத்தப்பட்டன. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் 2.5 மைக்கிரோனுக்குட்பட்ட நுண்துகள் ஆண்டுச் சராசரியில் ஒரு கனமீற்றர் காற்றில் 25 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது எமது வரையறை. உலக சுகாதார தாபனம் 2021இல் 5 என்றது. அமெரிக்கா 2024இல் 12ஐ 9 ஆக்கிற்று. எமது 25 அவற்றோடு ஒப்பிட மிகத் தாராளமானது. எமது நாட்டில் நல்ல காரியங்களும் நடந்ததுண்டு: 2002இல் ஈயங் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது, 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று, இரட்டை அடிப்பு இயந்திர முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியும் தடுக்கப்பட்டது. ஈயத்தை நிறுத்தியவர்களின் பெயர் எந்தத் தெருப்பலகையிலும் இல்லை. ஆயினும் அதன்பின் பிறந்த பிள்ளைகளின் இரத்தத்திலிருந்து ஒரு நஞ்சு குறைந்தது.

ஆனால் இவையெல்லாம் கொழும்பின் வாகன நெரிசலைக் கண்டு செய்யப்பட்டவை. ஒரு கிராமத்தின் காற்றுக்கு ஆபத்து வரும்போது கணக்கு எங்கே போகிறது என்பதற்கு நுரைச்சோலையும் சம்பூரும் சான்று. நுரைச்சோலையில் 2011இல் முதற்பகுதி இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்றாக நிறைவுற்ற நிலக்கரி மின்நிலையம் மேற்குக் கரையில் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுவது பள்ளிப் பிள்ளைக்குந் தெரியும். குவித்துவைத்த நிலக்கரியின் தூசும் சாம்பலும் அம்மாதங்களில் எங்கே போகும்? அயலிலுள்ள வெங்காயத் தோட்டத்துக்கும் வீட்டு முற்றத்துக்குந்தான். குடியிருப்பும் தோட்டமும் எத்திசையில் உள்ளன, காற்று எத்திசையில் வீசும் என்ற இரண்டு படங்களை ஒன்றன்மேலொன்று வைத்துப் பார்ப்பதே அங்கு முதல் அலுவலாயிருந்திருக்கவேண்டும்.

சம்பூரிற் கதை வேறு விதமாக முடிந்தது. 2006இல் யுத்தத்தால் பெயர்க்கப்பட்ட மக்களின் மண்ணில் 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் திட்டமிடப்பட்டது. அங்கே கடல் கிழக்கில். ஆகையால் ஊருக்குள் புகையைத் தள்ளுவது வடகீழ்ப் பருவக்காற்று. மக்கள் எதிர்த்தனர், உயர் நீதிமன்றம் வரை சென்றனர். 2016 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்படும் என்று அரசாங்கம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 2025 ஏப்ரலில் அவ்விடத்தில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்கம் செய்யப்பட்டது. மகிழ்ச்சியே. எனினும், பெயர்க்கப்பட்டு வறுமையில் வாடிய மக்கள் வழக்குச் செலவு செய்தே தம் காற்றைக் காத்துக்கொள்ளவேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது, அரசாங்கத்தின் கைக்குள்ளேயே அவர்களுக்காகக் கணக்கெழுதி “இஃது ஆகாது” என்று முதலிலேயே சொல்லக்கூடிய ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு துன்பம் மிஞ்சியிருக்கும் என்று நினையாதிருக்க முடியவில்லை.

இங்குதான் இவ்வுத்தியோகத்தின் முள் இருக்கிறது. அவர் அரசாங்கச் சம்பளம் வாங்குபவர். அரசாங்கத்துக்கு இனிக்காத எண்ணைச் சொல்லவேண்டியவர். 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி தொடங்கி ஐந்து நாட்கள் இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகைமூட்டம் விழுங்கியது. பஸ் வண்டிகள் நின்றன. கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்த பரிசு மாடுகள் மூச்சடைத்துச் செத்தன. நாடக அரங்கினுள்ளும் புகை புகுந்து ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று அப்போது கணிக்கப்பட்டது. மூட்டம் கலைந்தபின்னும் மாதக்கணக்கில் மரணங்கள் கூடுதலாகவே இருந்தன. அவற்றை இன்புளுவென்சாக் காய்ச்சலின் கணக்கில் எழுதியது அமைச்சு. அரை நூற்றாண்டு சென்று, 2001இல், ஆராய்ச்சியாளர் இருவர் அப்பதிவுகளைத் திரும்பக் கிளறி, மாண்டவர் 12,000 வரையில் இருக்கலாம் என்றும், காய்ச்சற் கணக்குப் பொருந்தவில்லை என்றும் எழுதினர். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள எண்ணாயிரம் பேரும் ஒரு கந்தோர்ப் பத்தியிலிருந்து இன்னொரு கந்தோர்ப் பத்திக்கு மாற்றி எழுதப்பட்டவர்கள்.

அதே பிரித்தானியா பின்னர் செய்ததையுஞ் சொல்வதே நேர்மை. சேர் ஹியூ பீவரின் குழு ஆராய்ந்து 1954இல் அறிக்கை தந்தது. அரசாங்கம் தயங்கியபோது தனி உறுப்பினர் ஒருவர் சட்டமூலங் கொண்டுவந்து நெருக்க, 1956இல் தூய வளிச் சட்டம் நிறைவேறிற்று. புகையில்லாப் பகுதிகளை உள்ளூராட்சிச் சபைகள் பிரகடனஞ் செய்தன. வீட்டுக்காரன் தன் அடுப்பை மாற்றும் செலவிற் பத்தில் ஏழு பங்கு பொதுப்பணத்திலிருந்து கொடுக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று அடுப்பைப் பார்த்து, செலவைக் கணித்து, தெருத் தெருவாகப் பகுதியை விரித்தவர்கள் அச்சபைகளின் சிறு உத்தியோகத்தர்கள். எமது பிரதேச சபைகளிடம் இதைச் சொன்னாற் சிரிப்பார்கள். குப்பை அள்ளவே உழவு இயந்திரம் போதவில்லை என்பார்கள். அள்ளிய குப்பையை வெளியிலே கொளுத்துவதும் அதே சபைகள் சிலவற்றின் வழக்கம் என்பதையும் நாம் அறிவோம்.

அடுப்பு என்றவுடன் ஒன்று சொல்லவேண்டும். எமது கணக்கில் மிகப் பெரிய விடுபாடு சமையலறை. கிராமத்து வீடுகளில் விறகடுப்பு அணையவில்லை; 2022இல் எரிவாயு கிடைக்காமற்போனபோது நகரத்து வீடுகளும் விறகுக்குத் திரும்பின. அடுப்படியில் நாளும் பல மணி நேரம் நிற்கும் பெண்ணின் மூச்சுக்கு எந்தக் கருவியும் வைக்கப்படவில்லை. சந்தியில் வைத்த கருவி அவளுடைய புகைக்கூண்டில்லாத குசினியைக் காணாது. வளித் திட்டம் எழுதப் புகுவோர் ஆண்களாக மாத்திரம் இருந்தால் இந்த வரி எப்போதும் வெறுமையாகவே இருக்கும் என்று அஞ்சுகிறோம்.

எமது மாகாணத்தில் இவ்வேலையைச் செய்யும் அதிகாரம் யாரிடம் என்று கேட்கப்படும். வடமேல் மாகாணத்தார் 1990ஆம் ஆண்டிலேயே 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தால் தமக்கென ஒரு சுற்றாடல் அதிகார சபையை அமைத்துக்கொண்டார்கள். ஆகவே வழி சட்டத்தில் அடைபட்டதன்று. வட மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்தது. அதன்பின் ஆண்டாண்டாகத் தேர்தல் நடத்தப்படவில்லை. இருந்த ஐந்தாண்டில் இத்தகைய நியதிச்சட்டமொன்றை நிறைவேற்றியிருக்கலாமே என்று கேட்பவருக்கு, ஆம் என்றே நாம் விடை சொல்லுவோம். மத்தியைக் குறைகூறுவது மாத்திரம் எமது தொழிலாக இருத்தல் ஆகாது. வெளியிலிருந்து வரும் புகையை எந்த மாகாண சபையாலும் தடுக்க முடியாது. அதற்குத் தேசங்களுக்கிடையே பேச்சு வேண்டும். ஆனால் வந்தது எவ்வளவு, எம்முடையது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல உள்ளூரிலே அளவு வேண்டும். அளவில்லாதவன் பேச்சுக்குப் போனாலும் கையை விரித்துக்கொண்டுதான் போவான்.

எமது பல்கலைக்கழகங்களில் இரசாயனமும் பௌதிகமும் புவியியலும் கற்று வெளியேறும் இளைஞர்கள் ஆசிரிய நியமனத்துக்காகக் கச்சேரி வாசலில் உண்ணாவிரதமிருப்பதைக் காண்கிறோம். அவர்களிற் பத்துப் பேரை எடுத்து மாவட்டத்துக்கு இருவராக நியமித்தால் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களுக்கும் போதும். ஒருவர் கணக்குக்கு, ஒருவர் கருவிக்கு. அவர்கள் எழுதும் எண்ணை அமைச்சரோ ஆளுநரோ பார்த்து அனுமதித்த பின்னரே வெளியிடலாம் என்ற நிபந்தனை கூடாது. எண் பிறந்த நாளிலேயே ஊருக்குத் தெரியவேண்டும். தமிழில் தெரியவேண்டும். வைத்தியர்கள் தம் பங்குக்கு, இளைப்போடு வருகின்ற குழந்தையின் பதிவில் ஊரையும் நாளையும் பிழையின்றி எழுதிவைத்தால், பத்தாண்டின் பின் எவரும் அதை இன்புளுவென்சாக் கணக்கில் மாற்றி எழுத முடியாது. சட்டத்தரணிகளுக்கும் வேலை உண்டு: ஒவ்வொரு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பொதுமக்கள் பார்வைக்கு விடப்படும் முப்பது நாட்களுக்குள் அதைத் திறந்து, காற்றுத் திசைப்படம் எந்த மாதத்துக்குரியது என்று பார்ப்பது.

காலபோக அறுவடை தையிலும் மாசியிலும் வருகிறது. அதற்குமுன் கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றிலும், அந்நிலையத்தின் கீழ் எத்தனை ஏக்கர் இயந்திரத்தால் அறுக்கப்படும், எவ்வளவு வைக்கோல் வயலில் எஞ்சும், அதை உருட்டிக் கட்டும் இயந்திரங்கள் எத்தனை வாடகைக்கு உண்டு, பாற்பண்ணையாளர் எவ்வளவு வாங்குவர் என்ற நான்கு எண்களையும் ஒரு பலகையில் எழுதித் தொங்கவிடும்படி கமக்காரர் அமைப்புகள் கேட்கட்டும். வளித் திட்ட உத்தியோகத்தர் நியமனமாகும் வரையில் காத்திருக்கவேண்டிய வேலை அன்று அது. ஒரு கடுதாசியும் ஒரு பேனையும் போதும்.